நிறுத்தும் கலையின் வரலாறு



மோட்டார் வண்டி எவ்வாறு ஓடத் தொடங்கிற்று என்பதைப் பாடப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். ஓடத் தொடங்கிய வண்டியை நிறுத்துவதற்கு மனிதன் எவ்வளவு பாடுபட்டான் என்பது அத்துணைப் பேருக்குத் தெரிவதில்லை. அந்த வரலாற்றைப் பற்றியே இன்று உங்களிடம் சிறிது பேச விரும்புகிறேன்.

இதைப் பேசவேண்டும் என்ற எண்ணத்தை எனக்கு ஊட்டியது ஒரு கடிதம். பல ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் பொது விஞ்ஞானம் பயின்ற மாணவர் ஒருவர், இப்பொழுது அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் குடியேறி வாழ்கிறார். அவர் 1953 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஷெவர்லே பிக்கப் வண்டி ஒன்றை ஆசையோடு வாங்கினார். முன்னே ஓட்டுநர் அறையும், பின்னே சரக்கு ஏற்றத் திறந்த தட்டும் உடைய சிறு லாரியைத்தான் அங்கே பிக்கப் என்கிறார்கள். அந்த வண்டியின் நான்கு சக்கரங்களிலும் பழைய டிரம் பிரேக்குகளே இருந்தன. இக்காலச் சாலையின் வேகத்துக்கு அவை போதா என்று கருதிய அவர், முன் சக்கரங்கள் இரண்டிலும் டிஸ்க் பிரேக்குகளைப் பொருத்தச் செய்தார்.

அதன்பின் அவர் எழுதிய கடிதம் இது: "ஐயா, புதிய பிரேக் பழையதைவிட மோசமாக இருக்கிறது. பெடலை மிதித்தால் பஞ்சை மிதிப்பதுபோல் தரைவரை இறங்குகிறது. இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கிறது. சில மைல் ஓடியதும் முன் சக்கரங்கள் தொட முடியாதபடி சுடுகின்றன. பின் தட்டில் சரக்கு இல்லாதபோது சட்டென்று நிறுத்தினால் பின் சக்கரங்கள் சறுக்குகின்றன. போதாக்குறைக்கு, முன்னைவிடப் பலமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. இவ்வண்டியில் என் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல அஞ்சுகிறேன். வாங்கிய தட்டுகள்தாம் பழுதுபட்டவையோ?"

நான் மெக்கானிக் அல்லேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகைக்கு முன் நின்றவன். ஆயினும் அக்கடிதத்தைப் படித்தபோது, அவர் கூறும் நான்கு குறைகளுக்கும் விடை பிரேக்கின் வரலாற்றிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஒரு காலத்துக் கருவியை வேறொரு காலத்துக் கருவியோடு இணைத்துவிட்டு, இடையில் உலகம் கற்ற பாடங்களை அவர் விட்டுவிட்டார். அப்பாடங்கள் எவை என்று வரிசையாகக் காண்போம்.

ஓடும் வண்டிக்கு இயக்க ஆற்றல் உண்டு. வண்டி நிற்கவேண்டுமானால் அந்த ஆற்றல் எங்கேனும் போயாக வேண்டும். பிரேக் அதனை உராய்வினால் வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். மணிக்கு 20 மைல் வேகத்தில் நன்றாகப் பணிபுரிந்த பிரேக், 60 மைல் வேகத்தில் ஒன்பது மடங்கு வெப்பத்தைத் தாங்கவேண்டியிருக்கிறது. ஆகவே பிரேக்கின் வரலாறு பெரும்பாலும் வெப்பத்தோடு நடத்திய போராட்டத்தின் வரலாறே ஆகும்.

குதிரை வண்டிக் காலத்தில் சக்கரத்தின் விளிம்பின்மீது ஒரு மரக்கட்டையை அழுத்தி வண்டியை நிறுத்தினார்கள். இங்கிலாந்தில் டார்பிஷயர் பகுதியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர், இக்கட்டைகளுக்கு மேலான உராய்வுப் பொருளைத் தேடி 1897 ஆம் ஆண்டில் தொழில் தொடங்கினார். ஃபெரோடோ என்னும் புகழ்பெற்ற பெயர் அவருடைய பெயரிலிருந்தே பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸைப் பிரேக்குக்குப் பயன்படுத்தினார். வெப்பத்தைத் தாங்குவதில் அதற்கு ஈடு அன்று வேறில்லை. அதன் தூசி நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு என்பது பின்னரே உலகுக்குத் தெளிவாயிற்று. பழைய வண்டியின் பிரேக்கைத் திறப்பவர் அங்குள்ள தூசியை ஊதிவிடக் கூடாது என்பதை இவ்விடத்திலேயே சொல்லிவைக்கிறேன்.

1902 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் பிரான்ஸ் நாட்டு லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கினார். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஓர் இரும்புக் கிண்ணம். அதனுள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். அவை விரிந்து கிண்ணத்தின் உட்சுவரை அழுத்தினால் சக்கரம் நிற்கும். அதே ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஃபிரடெரிக் லான்செஸ்டர் என்னும் பொறியியல் அறிஞர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சுழலும் ஒரு தட்டை இரு புறமும் கிள்ளிப் பிடிப்பது அவர் முறை. உங்கள் சைக்கிளின் பிரேக்கைப் பாருங்கள். இரண்டு ரப்பர்க் கட்டைகள் சக்கரத்தின் வளையத்தை இரு பக்கமும் கவ்வுகின்றன. டிஸ்க் பிரேக்கின் தத்துவமும் அதுவே.

இவ்வாறு இரண்டு பிரேக்குகளும் ஓராண்டிலேயே பிறந்தன. ஆனால் டிரம் பிரேக் உலகை ஆண்டது. டிஸ்க் பிரேக் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தது. லான்செஸ்டர் தட்டைக் கவ்வுவதற்குச் செம்பைப் பயன்படுத்தினார். உலோகம் உலோகத்தோடு உராய்ந்து காதைத் துளைக்கும் ஓசை எழுந்தது. அக்காலப் புழுதிச் சாலையில் செம்பும் விரைவில் தேய்ந்தது. டிரம் பிரேக்குக்கோ இயல்பாகவே ஒரு நன்மை இருந்தது. சுழலும் கிண்ணம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்துச் சென்று மேலும் அழுத்தமாகப் பதியச் செய்கிறது. வண்டியின் ஓட்டமே வண்டியை நிறுத்த உதவுவதால், ஓட்டுநர் சிறிது மிதித்தாலும் போதும். தட்டு அவ்வாறு யாருக்கும் உதவுவதில்லை. காலின் பலம் எவ்வளவோ அவ்வளவே அதன் பிடி. நம் மாணவரின் கடைசிக் குறைக்கு, அதாவது முன்னைவிடப் பலமாக மிதிக்கவேண்டியிருக்கிறது என்பதற்கு, காரணம் இங்கேயே கிடைத்துவிட்டது.

அடுத்த பாடம் காலின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது பற்றியது. தொடக்கத்தில் கம்பிகளும் நெம்புகோல்களுமே இவ்வேலையைச் செய்தன. நான்கு கம்பிகளும் ஒரே அளவில் இழுபடச் செய்வது எளிதன்று. ஒன்று தளர்ந்தாலும் வண்டி ஒரு பக்கமாக ஒதுங்கும். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி இதற்கு வழிகாட்டியது. மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பதே அவ்விதி. விமானங்களால் பெயர் பெற்ற லாக்ஹீட் சகோதரர்களுள் ஒருவரான மால்கம் லாக்ஹீட், இவ்விதியைக் கொண்டு திரவத்தால் இயங்கும் பிரேக்குக்கு 1917 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1921 ஆம் ஆண்டின் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் இத்தகைய பிரேக்கோடு விற்பனைக்கு வந்தது. ஷெவர்லே 1936 ஆம் ஆண்டிலும், ஃபோர்டு 1939 ஆம் ஆண்டிலும் இம்முறையைக் கைக்கொண்டன.

இதில் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 1 சதுர அங்குலப் பரப்பு உடையது என்போம். அதன்மீது 100 பவுண்டு விசை விழுந்தால், சக்கரத்தருகே 6 சதுர அங்குலப் பரப்புள்ள பிஸ்டனில் 600 பவுண்டு விசை கிடைக்கும். ஆனால் சிறிய பிஸ்டன் 6 அங்குலம் நகர்ந்தால்தான் பெரியது 1 அங்குலம் நகரும். விசையில் பெற்றதைத் தூரத்தில் கொடுத்துத் தீரவேண்டும். மேலும், திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்றோ சுருங்கும். குழாயில் காற்று புகுந்துவிட்டால், காலின் உழைப்பெல்லாம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே கழிந்துபோகும். பெடல் பஞ்சுபோல் இறங்குவதன் முதற் காரணம் இதுதான்.

அக்காற்றை வெளியேற்றுவதைப் பட்டறைகளில் "ஏர் எடுத்தல்" என்பர். சக்கரத்தருகிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, பெடலை மிதித்து, குமிழிகள் நிற்கும்வரை பிரேக் ஆயிலை வெளியே விடுவார்கள். காற்று எப்பொழுதும் மேலேதான் நிற்கும். ஆகையால் அத்திருகும் மேலே இருக்கவேண்டும். நம் மாணவரும் அவ்வூர்ப் பட்டறைக்காரரும் இதனை ஆராய்ந்தபோது, தட்டைக் கவ்வும் காலிப்பர்கள் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்ததைக் கண்டார்கள். இடப்புறத்தது வலப்புறமும், வலப்புறத்தது இடப்புறமும் இருந்தமையால் திருகுகள் கீழ்நோக்கி நின்றன. எத்தனை முறை ஏர் எடுத்தும் மேலே தங்கிய குமிழி வெளியேறவில்லை. இடம் மாற்றியதும் பெடலின் மென்மை பெரும்பாலும் நீங்கியது.

இனி, தட்டு எவ்வாறு மீண்டும் அரங்குக்கு வந்தது என்பதைப் பார்ப்போம். டிரம் பிரேக்கின் உதவிக் குணமே அதன் பலவீனமும் ஆயிற்று. நீண்ட மலைச் சரிவில் தொடர்ந்து மிதித்தால் கிண்ணம் சூடாகி விரிவடைந்து ஷூக்களை விட்டு விலகுகிறது. மூடிய கிண்ணத்தினுள் வெப்பம் தங்கிப் பிடிப்பும் குறைகிறது. தட்டோ வெளிக் காற்றில் சுழல்வதால் விரைவில் குளிர்கிறது. சூட்டினால் அது தடித்தாலும், தன்னைக் கவ்வும் பேடுகளை நோக்கியே தடிக்கிறது. இரண்டாம் உலகப் போரின் காலத்தில் கனமான விமானங்களைத் தரையில் நிறுத்தும் தேவை எழுந்தபோது, டிஸ்க் பிரேக்குக்குப் புத்துயிர் கிடைத்தது.

அமெரிக்காவில் கிராஸ்லி நிறுவனம் தன் ஹாட்ஷாட் என்னும் சிறிய காரில் 1949 ஆம் ஆண்டில் தட்டைப் பொருத்தியது. குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, அதன் அலுமினியக் காலிப்பரை அரித்து இறுகச் செய்தது. மறு ஆண்டிலேயே அந்நிறுவனம் அதைக் கைவிட்டது. இங்கிலாந்தில் டன்லப் நிறுவனமும் ஜாகுவார் நிறுவனமும் சேர்ந்து பொறுமையோடு சோதனைகளை நடத்தின. பிரேக் ஆயில் கொதித்து ஆவியாயிற்று; சக்கரத்தின் சிறு ஆட்டத்தால் பேடுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டுப் பெடல் தாழ்ந்தது. ஒவ்வொரு குறைக்கும் ஒரு தீர்வு கண்டே அவர்கள் மேலே சென்றார்கள். 1952 ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு ரீம்ஸ் நகரில் ஸ்டர்லிங் மாஸ் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவாரில் வென்றார். 1953 ஆம் ஆண்டில் லெ மான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் என்னும் இருவர் ஜாகுவாரில் முதலிடம் பெற்றனர். அப்பந்தயத்தில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைக் கடந்தது அதுவே முதன்முறை. நேர்ச்சாலையின் முடிவில் பிறர் பிரேக் பிடித்துவிட்ட இடத்தையும் தாண்டிச் சென்று பிடிக்க இயன்றமையே அவர்களுடைய பெரும் பலமாக அமைந்தது. வேகத்தின் வெற்றிக்கு நிறுத்தும் ஆற்றல் துணை நின்ற கதை இது.

1955 ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டுச் சிட்ரோயன் டி.எஸ். கார், பெருவாரியாக உற்பத்தியாகும் வண்டிகளுக்குத் தட்டைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1963 ஆம் ஆண்டு மாடலான ஸ்டூடிபேக்கர் அவாந்தியும், 1965 ஆம் ஆண்டின் கார்வெட்டும் அதனைப் பின்பற்றின. ஷெவர்லே பிக்கப் வண்டிகளின் முன் சக்கரங்களுக்கு 1971 ஆம் ஆண்டில்தான் அது முறையாக வந்தது. நம் மாணவரின் வண்டிக்கும் அந்த வண்டிக்கும் இடையில் 18 ஆண்டுகள் உள்ளன. அந்த 18 ஆண்டுகளில் மாறியவை தட்டுகள் மட்டுமல்ல என்பதை அவர் கவனிக்கவில்லை.

முதலாவதாக, மாஸ்டர் சிலிண்டர் மாறியது. 1953 ஆம் ஆண்டு வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சிலிண்டர், ஒரே திரவப் பாதை. ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்குகளும் போய்விடும். 1962 ஆம் ஆண்டில் காடிலாக் முதலிய வண்டிகளில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இரட்டைப் பாதைகள் வந்தன. 1968 ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் கார்களுக்கு இத்தகைய ஏற்பாடு சட்டமாயிற்று. நம் மாணவரோ பழைய ஒற்றைச் சிலிண்டரையே வைத்திருந்தார். பெரிய பிஸ்டன்களையுடைய காலிப்பர்களுக்கு வேண்டிய அளவு திரவத்தை அனுப்புவதும் அதற்குரிய வேலையன்று.

அதைவிட நுட்பமான வேறொரு தீமையும் அதனுள் ஒளிந்திருந்தது. டிரம் பிரேக்கின் ஷூக்களை வலிய ஸ்பிரிங்குகள் பின்னுக்கு இழுக்கின்றன. காலை எடுத்தபின்னும் குழாயில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தம் மிஞ்சி நிற்கும்படி ஒரு சிறு வால்வு அமைத்திருப்பார்கள். சக்கரச் சிலிண்டரின் ரப்பர் விளிம்பு விரிந்து நின்று காற்றைப் புகவிடாமல் காப்பதற்காக அந்த ஏற்பாடு. ஸ்பிரிங்கின் பலத்துக்கு முன் அந்த 10 பவுண்டு ஒன்றுமில்லை. டிஸ்க் பிரேக்கிலோ ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் சற்று முறுக்கி மீள்வதுதான் அதனைப் பின்வாங்கச் செய்கிறது. அங்கே 10 பவுண்டு அழுத்தம் நின்றால், பேடுகள் தட்டை விடாமல் உராய்ந்துகொண்டே இருக்கும். முன் சக்கரங்கள் சுட்டதன் காரணம் இதுவே. டிரம் பிரேக்குக்குக் காவலாக நின்றது, டிஸ்க் பிரேக்குக்குப் பகையாயிற்று.

அந்த வால்வை அடியோடு நீக்கிவிட்டால் போதுமா? அதுவும் போதாது. அவ்வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைப்பலகைக்குக் கீழே இருக்கிறது. காலிப்பர்கள் அதைவிட உயரத்தில் இருக்கின்றன. நீர் பள்ளம் நோக்கிப் பாய்வதுபோல், வண்டி நின்றிருக்கும் வேளையில் ஆயில் மெல்லப் பின்னோக்கி இறங்கிவிடும். காலையில் முதல் மிதி வீணாகும். ஆகையால் முன் பாதைக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு வால்வும், பின் பாதைக்கு 10 பவுண்டு வால்வும் தனித்தனியே வேண்டும். இரட்டைச் சிலிண்டரோடு இவ்விரண்டையும் பொருத்தியபின், முன் சக்கரங்களின் சூடு தணிந்தது. காலைப் பெடலும் நிமிர்ந்தது.

மூன்றாவது குறை பின் சக்கரங்களின் சறுக்கல். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. பேருந்து சட்டென்று நின்றால் நீங்கள் முன்னே சாய்வதை நினைத்துப் பாருங்கள். சரக்கில்லாத பிக்கப்பின் பின்புறம் முன்னமே இலேசானது. பிரேக் பிடித்தால் அது இன்னும் இலேசாகிறது. அங்கே, ஓட்டத்தின் உதவியால் தானே இறுகும் டிரம் பிரேக் இருக்கிறது. முன்னேயுள்ள தட்டுக்குப் போதிய அழுத்தம் வரும்வரை ஓட்டுநர் மிதித்தால், அதற்குள் பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்கின்றன. பூட்டிய சக்கரம் திசை காக்காது. வண்டியின் வால் பக்கவாட்டில் திரும்பும். பின் பாதையின் அழுத்தம் ஓரளவுக்குமேல் வேகமாக ஏறாதபடி குறைக்கும் பங்கீட்டு வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். அதனைச் சரிசெய்யும் சோதனையை ஆளில்லாத வெட்டவெளியில், குறைந்த வேகத்தில் தொடங்கிச் செய்ததாக அவர் எழுதியபோது மகிழ்ந்தேன்.

நான்காவது குறைக்கு, எஞ்சின் மூச்சிழுக்கும் குழாயிலுள்ள வெற்றிடத்தைத் துணைக்கொண்டு காலுக்கு உதவும் பூஸ்டர் என்னும் கருவி தீர்வாயிற்று. ஆயினும் கதை அதோடு முடியவில்லை. பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பி மிகச் சிறிதளவு நீண்டிருந்தது. அதனால் காலை எடுத்த பின்னும் பிஸ்டன் முழுவதும் பின்வாங்காமல், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் நுண்துளையை மறைத்துக்கொண்டது. மீண்டும் முன் சக்கரங்கள் சுட்டன. ஒரே நோய்க்குறி, காரணம் மட்டும் வேறு. முன்பு வால்வு, இப்பொழுது கம்பி. பட்டறைக்காரர் அக்கம்பியை நூலளவு குறைத்தார். அதன்பின் வண்டி சரியாயிற்று.

நண்பர்களே, அவர் முதலில் சந்தேகித்த தட்டுகளில் எக்குறையும் இருக்கவில்லை. நல்ல பொருளே, ஆனால் அதற்குத் துணை நிற்கவேண்டிய சிலிண்டர், வால்வு, பூஸ்டர், கம்பி ஆகிய அனைத்தும் அதனோடு ஒத்திசையவில்லை. பிரேக் என்பது ஒரு தனி உறுப்பின் பெயரன்று. காலிலிருந்து சாலைவரை நீளும் ஒரு சங்கிலியின் பெயர். வரலாற்றில் அச்சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாக, பலருடைய தோல்விகளுக்குப் பின் செய்யப்பட்டன. நாம் இறுதிக் கண்ணியை மட்டும் கடையில் வாங்கி மாட்டிவிட்டால், இடையிலுள்ள தோல்விகள் நம்மிடம் திரும்பி வருகின்றன.

குறை காணும் முறையையும் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் நான்கு பாகங்களை மாற்றியிருந்தால், எதனால் குணமாயிற்று என்று தெரிந்திராது. அவர்கள் ஒன்றை ஆராய்ந்து, ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகே அடுத்ததற்குச் சென்றார்கள். குறி ஒன்றாயினும் காரணம் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை என்பதையும் கண்டார்கள். சோதனைச் சாலையில் நீங்கள் கற்கும் முறையும் இதுவே அன்றோ?

இன்று நம் ஊர்த் தெருக்களில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிலும் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. அடுத்த முறை அந்தப் பளபளக்கும் தட்டைக் காணும்போது, செம்பு கத்திய லான்செஸ்டரின் காரையும், உப்பு அரித்த கிராஸ்லியையும், ஆயில் கொதித்த ஜாகுவாரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் மாணவரின் கடைசிக் கடிதம் சென்ற மாதம் வந்தது. பெடலைப் பற்றியோ வால்வைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. தம் பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, அந்தப் பழைய வண்டியில் ஏரிக்கரைவரை சென்று வந்ததாக மட்டும் எழுதியிருந்தார்.